படி போக மீதி

அத்தியாயம் 6

வாசலில் இருந்த மூன்று கற்படிகளையும் யாரோ கடப்பாரை போட்டு நெம்பித் தெருவில் புரட்டியிருந்தார்கள். படி இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் தாவித்தான் ஏற வேண்டும். பொன்னுரங்கத்துக்கு வயது அறுபத்தொன்று, எடை தொண்ணூறு கிலோ. தாவும் யோசனையை அவர் எடுத்த எடுப்பிலேயே கைவிட்டார்.

"முப்பத்தொரு வருஷம் பஸ்ஸுல 'படியில நிக்காத, படியில நிக்காத'ன்னு கத்தினேன் மேடம். இப்பத்தான் எவனோ சொன்னபடி கேட்டிருக்கான். படியையே எடுத்துட்டான்."

தேவிப்ரியா சிரிக்கவில்லை. குழிக்குள் இறங்கி மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் அவளுடைய துப்பறியும் நிலையம். ஓய்வு பெற்ற நடத்துனரான பொன்னுரங்கம் அங்கே உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. காரோட்டுவதும் வாயாடுவதும் அவர் பொறுப்பு. யோசிப்பது அவள் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே குறையில்லை.

காணாமல் போனவன் பெயர் அய்யனார். கச்சிராயபாளையம் சாலையில் இருக்கிற சிவசங்கரின் ஜவ்வரிசி ஆலையில் ஆள்கணக்கு எழுதுகிறவன். சொந்த ஊர் கல்வராயன் மலைமேல் கரியாலூர். அந்த ஆலையில் வேலை பார்த்த மலைப்பெண்கள் நாற்பத்திரண்டு பேர், அரசாங்கம் நிர்ணயித்த கூலியைத் தங்களுக்குத் தரவில்லை என்று வழக்குப் போட்டிருந்தார்கள். இன்று மாலை மூன்று மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அவர்கள் பக்கம் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அய்யனார். மூன்று நாளாக அவனைக் காணவில்லை. அவன் கைப்பேசி அணைந்து கிடக்கிறது. அவன் வாடகைக்கு இருந்த வீடு இந்த லட்சணத்தில் கிடக்கிறது.

"உயிரோட இருப்பாருங்களா?" என்றாள் சுபஸ்ரீ.

அவள்தான் நேற்று சாயந்திரம் அழுத கண்ணோடு மாடியேறி வந்து வழக்கை ஒப்படைத்தவள். இருபத்தாறு வயது இருக்கும். கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் வேலை என்றாள். அய்யனாரும் அவளும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், இரண்டு வீட்டுக்கும் தெரியாது என்றாள். போலீசுக்குப் போனால் விஷயம் ஊரெல்லாம் பரவிவிடும் என்று இங்கே வந்தாளாம்.

"கடைசியா அவர் குடுத்த துண்டுச்சீட்டைக் காட்டும்மா," என்று தேவிப்ரியா கை நீட்டினாள்.

உள்ளங்கை அகலத்துக் காகிதம். பேனா எழுத்தில் இரண்டே வரி. 'எல்லாம் படியிலதான் இருக்குது. மறக்காம எடுத்துக்கினு வாங்க. மூணு மணி. அய்யனார்.'

"காதலிக்கு எழுதற மாதிரியா இருக்குது?" என்று பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். "ஒரு 'செல்லம்' இல்ல, ஒரு 'கண்ணு' இல்ல. 'எடுத்துக்கினு வாங்க'ன்னு மாமியாருக்கு எழுதற மாதிரி எழுதியிருக்கான்."

"அவரு ரொம்ப மரியாதைக்காரருங்க," என்றாள் சுபஸ்ரீ. அவள் குரலில் ஏதோ அவசரம் இருந்தது.

"இந்தச் சீட்டை வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்லைங்க. எங்கிட்டயேதான் இருந்துச்சு. நேத்து உங்களாண்டதான் முதல்ல காட்டினேன்."

தேவிப்ரியா காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் அச்சடித்த கட்டம். 'பயணப்படி. கரியாலூர் – ஆலை, போக வர. நாளொன்றுக்கு ரூ.100.' அதற்குக் கீழே 'சாப்பாட்டுப்படி ரூ.60.' அடியில் ஒரு கைநாட்டு. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். பிறகு எழுந்து கை மண்ணைத் தட்டினாள்.

"அண்ணா, வண்டியை எடுங்க. கரியாலூர் போறோம்."

"அங்க போயி இன்னா பண்றது மேடம்? மலையில எவனும் வாயே தொறக்க மாட்டான்."

"நம்மகிட்ட தொறப்பாங்க."

அது நிஜம். போன வருஷம் கரியாலூர் ஆயம்மாளின் மகள் வேலைக்கென்று போன இடத்தில் தொலைந்துபோக, தேவிப்ரியா பதினேழு நாள் அலைந்து அவளைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். அதிலிருந்து மலைமேல் அவள் பெயர் சொன்னால் கதவு திறக்கும். ஆலைக்காரர்கள் பெயர் சொன்னால் நாயை அவிழ்த்து விடுவார்கள்.

"நானும் வரேங்க," என்று சுபஸ்ரீ பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

*

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பொன்னுரங்கம் அந்த வெள்ளை ஜீப்பைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளே நான்கு பேர். எவனும் டீ குடிக்க இறங்கவில்லை. கோமுகி அணை தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் கண்ணாடியில் மறுபடி அந்த வெள்ளை தெரிந்தது.

"மேடம், நமக்குத் தொணைக்கு ஒரு வண்டி வருது. கல்யாண வூட்டுக்காரங்க போல. பொண்ணு நம்ம வண்டியில இருக்குது இல்ல."

கண்ணாடியில் சுபஸ்ரீயின் முகம் வெளுத்ததை அவர் பார்த்தார். பாவம், பயந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மனிதர்களை முப்பத்தொரு வருஷம் டிக்கெட் டிக்கெட்டாக எடை போட்டவர் என்று அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அது அன்றைக்கு உடையப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது.

வளைவுக்கு வளைவு மரங்கள் நெருங்கின. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. தேவிப்ரியா திரும்பாமலே பேச்சுக் கொடுத்தாள்.

"அய்யனார் இந்த வழக்கைப் பத்தி உங்கிட்ட சொன்னாரா?"

"சொன்னாருங்க. எனக்கே அதுல இஷ்டம் இல்ல. அந்தப் பொம்பளைங்களுக்கு நாளைக்கு ஐந்நூறு ரூபா கூலி. கவர்மெண்டு போட்டதும் ஐந்நூறுதான். அப்பால எதுக்குங்க கேசு? இவரு தேவையில்லாம தலையக் குடுத்துட்டாரு."

"நியாயமாத்தான் பேசுது," என்றார் பொன்னுரங்கம். "ஐந்நூறுக்கு ஐந்நூறு. இதுல கம்மி எங்க வந்துச்சு?"

தேவிப்ரியா வழக்கமாக அவர் தப்பாக எதையாவது சொன்னால் உடனே திருத்துகிறவள். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டால் எங்கோ ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பொன்னுரங்கம் கண்ணாடியில் மறுபடி ஜீப்பைத் தேடினார்.

கரியாலூர் எல்லையில் ஒரு பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சுபஸ்ரீ இறங்கவில்லை.

"மலை ஏறினது தலையச் சுத்துதுங்க. நான் வண்டியிலயே இருக்கேன். நீங்க போய் விசாரிச்சுக்கினு வாங்க."

"சரி, இரும்மா," என்றாள் தேவிப்ரியா. சாவியை எடுத்துக்கொள்ளும்படி அவருக்கு மட்டும் கண்ணால் காட்டினாள்.

*

பெரியம்மாள் வீட்டு முன்னால் மரவள்ளிக் கிழங்கு குவித்து வைத்துத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. வழக்கில் முதல் பெயர் அவளுடையது. வழக்குப் போட்ட மறுநாளே நாற்பத்திரண்டு பேரையும் ஆலைக்குள் விடாமல் விரட்டிவிட்டார்கள். இப்போது எல்லாரும் மலைமேல்தான் இருந்தார்கள். தேவிப்ரியாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அய்யனார் பெயரைக் கேட்டதும் மூடிக்கொண்டது.

"எங்களுக்கு இன்னா தெரியும் தாயி? கீழ ஆலையில வேலை பாக்கற புள்ள. அங்கதான் கேக்கணும்."

"சரி, அவரை விடுங்கம்மா. வேற ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு நாள் கூலி எவ்வளவு?"

"முன்னூத்தி நாப்பது."

"ஐந்நூறு இல்ல?" என்றார் பொன்னுரங்கம்.

பெரியம்மாள் கத்தியை நிறுத்தினாள். "ஐந்நூறா? எவன் சொன்னது? ஆபீசுல உக்காந்துக்கினு இருக்கறவங்கதான் ஐந்நூறு ஐந்நூறுன்னு சொல்லுவாங்க. நாங்க அதக் கண்ணால பாத்தது இல்ல."

"படின்னு தருவாங்களே?"

"அதுவா, இரு." அவள் உள்ளே போய் ஒரு உரச்சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டினாள். உள்ளங்கை அகலச் சீட்டுகள். நூறு இருக்கும், ஆயிரமும் இருக்கும். எல்லாவற்றிலும் அதே அச்சு. பயணப்படி நூறு, சாப்பாட்டுப்படி அறுபது, கீழே கைநாட்டு. "இதத்தான் நாங்க படிங்கறது. காசு தர மாட்டாங்க. நூறு ரூவாயை வண்டி வாடகைன்னும் அறுபதைச் சோத்துக்குன்னும் அவங்களே எழுதி அவங்களே எடுத்துக்குவாங்க. சீட்டு மட்டும் எங்க கைக்கு வரும்."

பொன்னுரங்கத்துக்கு விரலை மடக்கி எண்ண வேண்டியிருந்தது. முன்னூற்று நாற்பது, அதோடு நூறு, அதோடு அறுபது. ஐந்நூறு.

"இப்ப புரியுதா அண்ணா, கம்மி எங்க வந்துச்சுன்னு?" என்றாள் தேவிப்ரியா. "கூலின்னா அடிப்படைச் சம்பளம், அதோட பஞ்சப்படி. அரிசி பருப்பு விலை ஏறுதேன்னு குடுக்கறது பஞ்சப்படி, அதனால அதைக் கூலியோட சேர்த்துக்கலாம். இவங்க முன்னூத்தி நாப்பதுல அது ரெண்டும் இருக்கு. இந்தத் தொழிலுக்குப் போட்ட ஐந்நூறை அந்த ரெண்டும்தான் நிரப்பணும். பயணப்படி கணக்குல சேராது. நீங்க வெளியூர் டியூட்டி போனப்ப பஸ் கார்ப்பரேஷன் குடுத்த பேட்டாவை வூட்டுல சம்பளம்னு சொன்னீங்களா?"

"பேட்டா வந்ததையே வூட்டுல சொன்னதில்ல மேடம்."

"இவங்களுக்கு அதுகூட வரல. நாளைக்கு நூத்தி அறுபது ரூபா, வெறும் பேரை மாத்தி எழுதியே அடிச்சிருக்காங்க."

பொன்னுரங்கம் ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கரியாலூர் – ஆலை, போக வர. அவர் பத்தொன்பது வருஷம் நடத்துனராகப் போன தடம் அது.

"ஏம்மா, காலையில ஷிப்டு எத்தினி மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

"மலையிலேர்ந்து முதல் வண்டி கிளம்பறதே ஆறே முக்கால். கீழ போய்ச் சேர எட்டாவும். தெனம் போக வரன்னு எழுதியிருக்கான், எதுல போனீங்க?"

"எங்க போறது? ஆலை ஷெட்டுலயே சாக்கு விரிச்சுப் படுத்துக் கெடந்தோம். மாசத்துக்கு ஒருநாள்தான் மலை ஏற விடுவான்."

யாரும் போகாத பயணத்துக்கு ஆயிரம் சீட்டு. பொன்னுரங்கத்துக்கு ஆத்திரம் வந்தது. அப்போதுதான் துண்டுச்சீட்டின் வரியும் புரிந்தது. எல்லாம் படியிலதான் இருக்குது, மறக்காம எடுத்துக்கினு வாங்க. அய்யனார் எங்கும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. உங்களிடம் இருக்கிற படிச் சீட்டுகளை விசாரணைக்கு எடுத்து வாருங்கள் என்று இந்தப் பெண்களுக்கு எழுதியிருக்கிறான். ஆதாரம் நாற்பத்திரண்டு வீட்டில் உரச்சாக்கில் கிடக்க, எவனோ கல்லைப் பெயர்த்திருக்கிறான்.

"அப்ப அந்தச் சீட்டு சுபஸ்ரீக்கு எழுதினது இல்லியா?"

"'வாங்க'ன்னு நாற்பத்திரண்டு பேருக்கு எழுதினது. உங்களுக்குத்தான் முதல்லயே தட்டுச்சு, விட்டுட்டீங்க. வேற யாரும் பார்க்காத சீட்டுன்னா, படியை யாரு தோண்டினது? ஆலை ஆபீசுல இதையெல்லாம் அலவன்ஸ்னுதான் சொல்லுவாங்க. படின்னு எழுதியிருந்தா அவங்களுக்கு வாசப்படிதான் தோணும்." தேவிப்ரியா குரலைத் தாழ்த்தினாள். "கூலி வாங்கறவங்க வூட்டுக்காரங்க யாரும் கைக்கு வராத காசைச் சேர்த்து ஐந்நூறுன்னு சொல்ல மாட்டாங்க அண்ணா. ஆபீஸ்தான் அப்படிச் சொல்லும். நம்ம வண்டியில உக்காந்திருக்கறது ஆபீஸ்."

பொன்னுரங்கத்துக்கு இப்போது முழுசாக விளங்கியது. மலையில் கதவு திறக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியாக இவர்களை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெள்ளை ஜீப் இந்நேரம் எந்த வளைவில் நிற்கிறதோ.

வீட்டுக்குள் கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. ஒல்லியான ஒருவன் வெளியே வந்தான். மூன்று நாள் தாடி. உதடு காய்ந்திருந்தது.

"எனக்குக் கல்யாணமே பேசலைங்க," என்றான் அய்யனார். "அந்தப் பொண்ணு ஆபீசுல சூப்பர்வைசர். சாட்சி சொல்லக் கூடாதுன்னு முதலாளி என்னைக் கூப்புட்டாரு. அடிக்கல, திட்டல. டீ வாங்கிக் குடுத்தாரு. 'மலைப்பாதையில வருஷத்துக்கு ஒருத்தன் உருண்டுடறான், இந்த வருஷம் இன்னும் யாரும் போகல'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. அன்னிக்கே அந்தச் சீட்டை எழுதி மேல குடுத்தனுப்ப ஒருத்தன்கிட்ட குடுத்தேன். அவன் நேரா அவருகிட்ட குடுத்துட்டான் போல."

மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டு பத்துக்குக் கீழே இறங்கும் பஸ். அதை விட்டால் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேறு வண்டியில்லை. பஸ் போகிற ஒரே பாதையில் ஜீப் நிற்கிறது. தேவிப்ரியா கைப்பேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அவள் சிம்முக்கு அங்கே ஒரு கோடுகூட இல்லை.

"பெரியம்மா, எல்லாரையும் கூப்பிடுங்க. படியை எடுத்துக்குங்க. அய்யனாரை நடுவுல வச்சுக்கினு பஸ் ஏறுங்க. ஜீப்பை நான் பார்த்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று பொன்னுரங்கம் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியாது என்பது அவள் முகத்திலேயே இருந்தது.

*

சுபஸ்ரீ பின் சீட்டில் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேவிப்ரியா அவள் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ஆலையில உனக்கு எவ்வளவும்மா சம்பளம்?"

துணிக்கடை என்று அவள் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று புரிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நேற்று மாடியில் அழுத அழுகை வேறு, இது வேறு.

"பதினஞ்சாயிரம். ஆனா மேடம், முதலாளி ஒண்ணும் பண்ண மாட்டேன்னாரு. சும்மா பேசத்தான் கூப்புடறேன்னாரு."

"பேசறதுக்கு எதுக்குக் கடப்பாரை?"

அவள் தலை குனிந்தது. முன் சீட்டில் பொன்னுரங்கம் திரும்பாமலே கொதித்துக்கொண்டிருந்தார். இவளுக்கா டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தோம் என்று இருந்தது அவருக்கு.

"பதினஞ்சாயிரத்துல அடிப்படை எவ்வளவு?" தேவிப்ரியாவின் குரலில் கோபமே இல்லை.

"தெரியல மேடம். மொத்தமாத்தான் பாப்பேன்."

"எங்க தங்கியிருக்கே?"

"ஆலை மாடியில. ஆபீசுக்கு மேல."

"உன் சீட்டுலயும் பயணப்படி இருக்கும். மாடியிலேர்ந்து கீழ வர்றதுக்கு மாசம் எத்தனை ஆயிரம் போட்டிருக்காருன்னு பாரு. அதையும் சாப்பாட்டுப்படியையும் கழி. படி போக மீதியை இருபத்தாறு நாளால வகுத்துப் பாரு. அவ்வளவுதான் நான் உங்கிட்ட கேக்கறது."

சுபஸ்ரீ எதுவும் சொல்வதற்குள் மடியிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. திரையில் 'எம்.டி. சார்' என்று இருந்தது. காருக்குள் மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ஊருக்குள்ளிருந்து பெண்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

சுபஸ்ரீ எடுத்தாள்.

"சார்... இங்க இல்ல சார். நல்லா விசாரிச்சுட்டாங்க. சேராப்பட்டுப் பக்கம் ஒரு கொட்டாயில இருக்கானாம்." கொஞ்ச நேரம் எதிர்முனையைக் கேட்டாள். "எனக்கு வழி தெரியுங்க சார். சரிங்க சார்."

வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். "என்னை ஜீப்புல ஏறிக்கச் சொல்றாரு. வழி காட்டணுமாம்."

"போகாதே," என்று தேவிப்ரியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அங்க அவன் இல்லைன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"போகலைன்னா இங்க வருவாங்க மேடம்."

கையை விடுவித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். வேகமாகவும் நடக்கவில்லை, தயங்கவும் இல்லை. வளைவில் வெள்ளை ஜீப் மூக்கை நீட்டியது, கதவு திறந்தது, அவளை வாங்கிக்கொண்டு சேராப்பட்டுச் சாலையில் திரும்பியது.

"அவ நடிப்பை நம்பறீங்களா மேடம்?" என்றார் பொன்னுரங்கம். "அடுத்த வளைவுலயே எல்லாத்தையும் கக்கிடுவா. அவ சோறு போடறவன் பக்கம்தான் நிப்பா."

தேவிப்ரியா ஒரு காகிதத்தில் ஜீப் நம்பரை எழுதிக்கொண்டிருந்தாள். பேனா ஒரு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது.

*

ஜீப் வரவில்லை. பஸ் வளைவு வளைவாக இறங்கியது. பின்னால் காரில் பொன்னுரங்கம் ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். அணைப் பக்கம் வந்து சிக்னல் கிடைத்ததும் தேவிப்ரியா போலீசுக்கு ஜீப் நம்பரைச் சொன்னாள். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். சேராப்பட்டு மலைக்கு மறுபக்கம், எத்தனை நேரம் ஆகும் என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாற்பத்திரண்டு பெண்களும் அய்யனாரும் தொழிலாளர் அலுவலக அறைக்குள் நுழைந்தார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆலை வக்கீல் அய்யனாரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே போட்டார். சிவசங்கரின் நாற்காலி காலியாக இருந்தது.

வக்கீல் சுதாரித்துக்கொண்டு ஐந்நூறு ரூபாய்க் கணக்கைத்தான் படித்தார். அதிகாரி கேட்டுக்கொண்டார். பிறகு பெரியம்மாள் உரச்சாக்கை மேஜைமேல் கவிழ்த்தாள். அய்யனார் ஒவ்வொரு படியாகச் சொன்னான். பயணப்படி எதற்கு என்று அதிகாரி கேட்டதற்கு வக்கீல் 'தினசரி பேருந்துப் பயணம்' என்றார். அப்போது பொன்னுரங்கம் எழுந்து, அந்தத் தடத்தில் பத்தொன்பது வருஷம் டிக்கெட் கிழித்தவன் என்று சொல்லி முதல் பஸ் நேரத்தைச் சொன்னார். ஆறு மணி ஷிப்டுக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேருகிற பஸ். ஒரு பகடியும் சேர்க்காமல் சொல்லி முடித்து உட்கார்ந்தார். அது அவருக்கே புதுசு.

"இதைக் கூலியில சேர்க்க முடியாது," என்று அதிகாரி சீட்டுகளைத் தனியே ஒதுக்கினார். வக்கீல் கொடுத்த கணக்கில், கூலி அதோடு முடிகிறது என்று, பஞ்சப்படிக் கட்டத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டார். உரிமை கோருகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். பெண்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

பொன்னுரங்கத்தின் சட்டைப்பையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. காலையில் சுபஸ்ரீக்கு அவர்தான் நம்பர் கொடுத்திருந்தார். ஒன்று ஐம்பதுக்கு அனுப்பிய செய்தி, மலையில் எங்கோ மாட்டிக்கொண்டு இப்போதுதான் வந்திருந்தது. முதலில் ஒரு சம்பளச் சீட்டின் படம். அடிப்படை ஏழாயிரம், பஞ்சப்படி இரண்டாயிரத்து எண்ணூறு. மீதி எல்லாம் பயணமும் சாப்பாடும். படத்துக்குக் கீழே இரண்டு வரி.

'படி போக நாளைக்கு 377 வருது. எம்பேரையும் எழுதிக்கச் சொல்லுங்க.'

அவர் உடனே அந்த நம்பரை அழுத்தினார். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழுத்தினார். தேவிப்ரியாவிடம் கைப்பேசியை நீட்டினார். அவள் படித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"நாற்பத்து மூணாவதா ஒரு பேரு இருக்கு சார். சுபஸ்ரீ."

அதிகாரி எழுதிக்கொண்டார். "ஆள் எங்கம்மா? கையெழுத்து வேணுமே."

வக்கீல் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார். பெரியம்மாளுக்கு விஷயம் முழுக்கத் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்தவள் போல, பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைக் கையால் தள்ளி, தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் ஒதுக்கினாள்.

"வரும்," என்றாள். "உக்கார எடம் இருக்குது."

சோறு போடுகிறவன் பக்கம் நிற்பாள் என்று மலையில் தான் சொன்னது பொன்னுரங்கத்துக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்தக் காலி இடத்தைப் பார்க்க முடியாமல் அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். தேவிப்ரியா அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.